ஒரு மில் மியூசியமும் என் டெஸ்டரும்

எங்கள் தொழிலில் பயம்தான் முதல் தகுதி. ஆனால் அதை எந்த பயோடேட்டாவிலும் எழுத முடிவதில்லை.

நான் எலெக்ட்ரிக்கல் டிசைன் செய்கிறவள். கட்டடத்தில் விளக்கு எங்கே, சுவிட்ச் எங்கே, எந்த வயர் எவ்வளவு தடிமன் என்று ட்ராயிங் போட்டு, அடியில் கையெழுத்துப் போடுவது என் வேலை. போட்ட கையெழுத்தை நினைத்துத் தூக்கம் வராமல் புரள்வது அதே வேலையின் இரண்டாம் பாகம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான், மகள் தூங்கிய பிறகு, டைனிங் டேபிளில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் ஒரு பழைய மில் குடும்பத்தின் பங்களாவை மியூசியமாக மாற்றினார்கள். வயரிங்கும் விளக்குகளும் மொத்தமாகப் புதிதாக வேண்டும். அந்த வீட்டு மருமகள் சுலோச்சனாம்மாதான் எங்களுக்கு முதலாளி. அறுபது தாண்டியவர், பின்கட்டில் குடியிருக்கிறார். வேலைக்காரர்களிடம் கோபம் வந்தால் மட்டும் தெலுங்கில் பேசுவார். எனக்குத் தெலுங்கு தெரியாததால் இன்னும் அதிகமாகப் பயந்துகொள்வேன். “மந்திரி, கலெக்டரெல்லாம் வேண்டாங்க. மொதல்ல கொழந்தைகதான் உள்ள வரோணும். நல்ல ஸ்கூலா ஒண்ணு சொல்லுங்க அம்மணி” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமையில் நான் படித்த கான்வென்ட்டைச் சொல்லிவிட்டேன். என் மகள் இப்போது அங்கேதான் யூ.கே.ஜி. படிக்கிறாள். ஆக, நான் கையெழுத்துப் போட்ட வயரிங்குக்குள் முதன்முதலில் நடக்கப்போவது என் மகளும் அவள் வகுப்பும். அன்றைக்கு நின்ற சோறு ஆறு மாதத்துக்கு ஒழுங்காக இறங்கவில்லை.

மரச்சட்டத்துக்குள்

முதல் நாள் செல்வராஜ் அண்ணனோடு போனேன். வயரிங் காண்ட்ராக்டர். சோமனூர்க்காரர், அந்த வட்டாரத்துத் தறிக்கூடங்களில் பாதிக்கு அவர்தான் வயர் இழுத்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அந்தக் காலத்து வயர் சுவரோரமாக மரச்சட்டத்துக்குள் ஓடும். மெயினை அணைக்கச் சொல்லி, அணைத்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூடியைக் கழற்றினேன். உள்ளே துணி சுற்றிய ரப்பர் வயர்.

விரல் நுனியால்தான் தொட்டேன். உறை முறுக்கு மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. உள்ளே செம்பு பளபளவென்று வெறும் உடம்போடு நின்றது. அதற்கு மேலே தேக்குக் கூரை. அதற்குக் கீழே மில்லின் பஞ்சு மாதிரிகள் அடைத்த அட்டைப்பெட்டிகள். நேற்று வரைக்கும் இதில் ஃபேன் ஓடியிருக்கிறது, இரண்டு ட்யூப் லைட் எரிந்திருக்கிறது. எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. “இது எப்படிண்ணா இத்தனை நாள் தீப்பிடிக்காம இருந்துச்சு?” என்று கேட்டேன். செல்வராஜ் அண்ணன் உதிர்ந்த தூளைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இத்தன வருசமா ஒண்ணும் ஆகலீங்க மேடம். நீங்க தொட்டீங்க, ஒடஞ்சுபோச்சு.”

ஐந்தடி உயரம்

மகள் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து சுவரில் உள்ள ஒவ்வொரு ப்ளக் பாயின்ட்டும் எனக்கு ஒரு விரல் நுழைகிற ஓட்டையாகத்தான் தெரிகிறது. எங்கள் வீட்டில் எல்லா ப்ளக் பாயின்ட்டுக்கும் பிளாஸ்டிக் மூடி உண்டு. என் கணவர் போன் சார்ஜ் போட வேண்டுமென்றால் முதலில் மூடியை நெம்ப ஸ்பூன் தேடுவார். அதே கையோடு மியூசியத்துக்கு ட்ராயிங் போட்டதால் ப்ளக் பாயின்ட், சுவிட்ச் எல்லாமே தரையிலிருந்து ஐந்தடிக்கு ஏறிப்போயிருந்தன. போட்டபோது எனக்கே தெரியவில்லை.

சுலோச்சனாம்மா நல்ல குள்ளம். புது சுவிட்ச் போர்டு மாட்டிய அன்று ஃபேன் போடுவதற்காகக் கையைத் தூக்கினார், எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நின்றார். அப்போதும் எட்டவில்லை. கையை இறக்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாக என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க அம்மணி, காத்து வேணும்னா நான் முக்காலி போட்டு ஏறோணுங்களா?”

துக்க வீட்டு வெளிச்சம்

பழைய துணிக்கு வெளிச்சம் ஆகாது. ஒவ்வொரு நாள் வெளிச்சமும் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். தின்றது திரும்பி வராது. அதனால் சுலோச்சனாம்மாவின் மாமியாருடைய பட்டுச்சேலைகள் வைக்கிற அறைக்கு மிகவும் மங்கலான விளக்குதான் போட வேண்டும். நான் போட்டேன். கண் பழக ஒரு நிமிடம் ஆகும், அதற்குப் பிறகு சேலையின் சரிகை மெதுவாக எழுந்து வரும். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

சுலோச்சனாம்மா வாசல்படியிலேயே நின்றுவிட்டார். “என்னங்க இது, துக்க வூட்டுல வெளக்கேத்தி வெச்சாப்புல இருக்குது. கரண்டு கம்மியா வருதுங்களா?” என்றார். என்ன சொன்னாலும் ஏறவில்லை. கடைசியில் பழைய ஹாலின் ஜன்னல் திரையைக் கழற்றிக் கொண்டுவந்து, மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்துக் காட்டினேன். வெளிப்பக்கம் சாம்பல். மடிப்புக்குள் கத்தரிப்பூ நிறம், நேற்று வாங்கியது மாதிரி. அவர் அந்த மடிப்பை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். நான் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். “அப்பொ எங்க மாமியார் அந்தச் சேலைய யாருக்கும் குடுக்காம பீரோவுல வெச்சுப் பூட்டுனது கஞ்சத்தனம் இல்லீங்களாக்கும்?”

நாலாவது போன்

பேனலில், அதாவது கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் பிரிகிற பெட்டியில், கை வைக்கும் நாளில் மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நான் சைட்டுக்குப் போகவில்லை. ஒரு கை அவள் நெற்றியில், ஒரு கையில் போன். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, மெயினை அணைத்தாயிற்றா என்று கேட்டேன். ஆச்சுங்க என்றார் செல்வராஜ் அண்ணன். பத்து மணிக்குக் கேட்டேன். பதினொன்றுக்குக் கேட்டேன். பன்னிரண்டுக்கும் கேட்டேன்.  அவர் நிதானமாகச் சொன்னார்: “நீங்க இத்தன தடவ கேட்டதுல எனக்கே சந்தேகம் வந்து, ஒருக்கா போட்டுப் பாத்துட்டு மறுக்கா அணைச்சனுங்க மேடம்.”

ஓடாத மிஷின்

மியூசியத்தின் நடு ஹாலில் மில்லிலிருந்து கொண்டுவந்த நூற்பு மிஷின் ஒன்று நிற்கிறது. அரை பஸ் நீளம், முழுக்க இரும்பு. ஓடாது. ஆனால் நூல் சுற்றும் கதிர்கள் தெரிவதற்காக அதன் உடம்போடு சேர்த்து எல்.இ.டி. பட்டி ஒட்டியிருந்தோம், அதற்கான வயர் மிஷினின் காலடியில், தரையில் பதித்த ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் இறங்கும். சுலோச்சனாம்மாவுக்கு ஓர் ஆசை. “எல்லா மியூசியத்துலயும் தொடாதே, தொடாதேன்னு போர்டு வெக்கறாங்க. இத மட்டுமாவது கொழந்தைக தொட்டுப் பாக்கட்டுங்க.” நல்ல ஆசைதான். எனக்கு உடனே அந்தத் தரைப்பெட்டிதான் கண்ணில் பட்டது.

மிஷினின் உடம்புக்கு எர்த் கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். எர்த் என்பது கசிகிற மின்சாரம் மண்ணுக்குள் போக நாம் போட்டுக் கொடுக்கிற வழி. வழி இருந்தால் கசிவு அதில் ஓடும். உடனே பேனலில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். வழி இல்லையென்றால் மின்சாரம் இரும்பிலேயே காத்திருக்கும், யாராவது வந்து கை வைக்கிறவரை. இதையெல்லாம் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். செல்வராஜ் அண்ணன் எர்த்துக்கான பச்சை வயரை எடுத்து முறுக்கிக்கொண்டே, எனக்காகத்தான் போடுகிறேன் என்கிற முகத்தோடு சொன்னார்: “ஓடற மிஷினுக்கு எர்த்து குடுப்பாங்க மேடம். செத்த மிஷினுக்கு எதுக்குங்க?”

செம்புத் தண்ணீர்

வேலை முடிந்த வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. மில் குடும்பம் அல்லவா, விடுவார்களா? புதுப் பேனலுக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. மிஷினுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. உடம்பெல்லாம் சந்தனப் பொட்டு. காலடியில் பொரியும் கடலையும் பழமும். பூஜையன்று எந்த மிஷினும் ஓடக்கூடாது. மறுநாள் படையலை எடுத்த பிறகுதான் மெயின் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் எல்லாம் அணைந்துதான் இருந்தது. நானும் நிம்மதியாகச் சுண்டலை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

சுலோச்சனாம்மா செம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையுமாக வந்தார். பேனலுக்கு லேசாகத்தான் தெளித்தார். மிஷினுக்கு வந்ததும் மனசு நிறைந்துபோயிற்று போல, செம்பையே சாய்த்துவிட்டார். தண்ணீர் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு இரும்பில் வழிந்து, தரைப்பெட்டி இருக்கும் பக்கமாகப் போனது. “அம்மா, தண்ணி மட்டும் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே செல்வராஜ் அண்ணனைப் பார்த்துச் சொன்னதும் மொத்த ஹாலும் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன், வாயை மூடிக்கொண்டேன். “கான்வென்ட்டுல படிச்ச புள்ள, சாமிகிட்டயும் சேஃப்டி கேக்குது பாருங்க!”

கம்மென்று ஆனது

மறுநாள் விஜயதசமி லீவு, மெயின் போட ஆள் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்குக் குழந்தைகள் வருகிறார்கள். நான் ஒன்பதேகாலுக்கே போய்விட்டேன். விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, வாழைக்கன்று போயிருந்தது, தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பையில் டெஸ்டர் இல்லாமல் எங்கேயும் போகமாட்டேன். குனிந்து, குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் இருக்கிற ஒவ்வொரு இரும்பையும் தொட்டுப் பார்ப்பேன். கதவுக் கைப்பிடி, ஜன்னல் கம்பி, கண்ணாடிப் பெட்டியின் சட்டம். கடைசியாக மிஷின்.

டெஸ்டரில் பல்பு எரிந்தது. என் பயம்தான் எரிகிறது என்று நினைத்தேன். சேலை முந்தானையால் டெஸ்டரைத் துடைத்துவிட்டு இன்னோர் இடத்தில் வைத்தேன். எரிந்தது. கதிர்கள் வரிசையில் வைத்தேன், அங்கேயும் எரிந்தது. மெயினை அணைக்கச் சொல்லி நான் போட்ட சத்தம் எனக்கே யாரோ கத்துவது மாதிரி இருந்தது. செல்வராஜ் அண்ணன் அணைத்துவிட்டு வந்தார். ஒரு பதற்றமும் இல்லை. விடியற்காலையில் மெயின் போட்டதிலிருந்து ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்ததாம். தூக்கிவிட்டால் மறுபடி விழுந்ததாம். குழந்தைகள் வரும் நேரத்தில் இருட்டாகிவிட்டால் அந்த வீட்டுப் பெரியம்மா என்ன சொல்வார் என்று யோசித்தாராம். மேடத்துக்குத் தொந்தரவு கொடுக்காமல் தானே சரி செய்துவிட்டாராம். எப்படி என்று கேட்டேன். “எர்த்தக் கழட்டி வுட்டனுங்க மேடம், அதுக்கப்பறம் கம்முனு ஆயிப்போச்சு.”

ரெண்டில் எது

இரும்பில் கை வைத்தால், கசிவு அந்த உடம்பு வழியாக மண்ணுக்கு ஓடும்போதாவது ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். விழும் என்றுதான் புத்தகம் சொல்கிறது. அதை என் மகளின் கையை வைத்துச் சோதித்துப் பார்க்க நான் தயாராக இல்லை. கசிவு எங்கே என்று தேட ஆரம்பிப்பதற்குள் வாசலில் ஹாரன் கேட்டது. மஞ்சள் பஸ், பத்து நிமிடம் முன்கூட்டியே. ஜன்னலெல்லாம் சின்னச் சின்ன முகங்கள். மூன்றாவது ஜன்னலில் என்னுடையது.

நான் ஓடிப்போய் பஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். கூட வந்திருந்தது சிஸ்டர். ஏழாம் வகுப்பில் எனக்கு சயின்ஸ் எடுத்தவர், இன்றைக்கும் அவரைப் பார்த்தால் சட்டைக் காலரைச் சரி செய்துகொள்ளக் கை போகும். எனக்குப் பின்னால் போர்ட்டிகோவில் சுலோச்சனாம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். “சின்ன வேலைன்னாப் பொறகு பாத்துக்கலாங்க அம்மணி. கொழந்தைகள வெய்யல்ல நிறுத்தாதீங்க” என்றார். குரலில் மரியாதை குறையவில்லை.  இன்னும் ரெடியாகவில்லை என்று சொல்லிவிட்டால் யார் மனசும் நோகாது. சொல்வதற்கு வாயெடுத்தேன். சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ரெடியாகலையா, சேஃப் இல்லையா? ரெண்டுல எது, கரெக்ட்டா சொல்லு.”

சேஃப் இல்லை சிஸ்டர் என்றேன். அந்த வீட்டு அம்மாவை வைத்துக்கொண்டு, அவர் வாசலிலேயே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிஸ்டர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸை மரத்தடிக்கு எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். “சில்ட்ரன், ஸ்நாக்ஸ் பாக்ஸ எடுங்க, ஆன்ட்டி வேலைய முடிக்கிற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது.”

தரைப்பெட்டிக்குள்

செல்வராஜ் அண்ணன் மிஷினின் காலடியில் உட்கார்ந்து தரைப்பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே விரல் ஆழத்துக்கு மஞ்சள் தண்ணீர். அதற்கு அடியில் சந்தனம் மாவு மாதிரி படிந்திருந்தது. வயர் இறங்கும் ஓட்டை வழியாகப் போய் ஊறிய பொரி நாலைந்து மிதந்தன. நடுவில், முழுகிக்கொண்டு, வயர்கள் சேரும் இடம். இரண்டு நாளாக மூடிக் கிடந்ததால் ஒரு சொட்டுகூடக் காயவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எப்போது வந்தார் என்று தெரியவில்லை, சுலோச்சனாம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சட்டென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார், நாளைக்கு வேறு இன்ஜினியரைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கையில் பழைய துண்டு, இன்னொரு கையில் அவர் தலை உலர்த்துகிற மிஷின். பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து, பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார். “சாமி கும்புட்டது தப்பில்லீங்க அம்மணி, அன்னிக்கு நீங்க வாயத் தொறந்தப்ப நான் சிரிச்சுப்போட்டேன் பாருங்க, அதுதான் தப்பு.”

கை

துடைத்தோம், தனி மீட்டர் உள்ள பின்கட்டிலிருந்து வயர் இழுத்து உலர்த்தினோம். அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. மிஷினுக்குப் போகிற வயரைப் பேனலிலேயே கழற்றி, நுனிக்கு டேப் சுற்றிப் போட்டுவிட்டேன். பச்சை வயரை நானே திரும்ப மாட்டி, திருகை மூன்று தரம் முறுக்கினேன். மெயின் போட்டோம். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், டப்பென்று விழுந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் அன்று கேட்கவில்லை. மிஷினில் பத்து இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். பல்பு எரியவில்லை.

பிறகு மிஷினின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். கடைசிக் குழந்தை வெளியே போகிறவரை எடுக்கவில்லை. அவர்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வந்தார்கள். என் மகள் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, ரயிலை விடாமல் வந்தாள். வந்து, இரண்டு கையையும் அகல விரித்து இரும்பில் வைத்தாள். சில்லென்று இருக்கிறது என்று முன்னால் நின்றவளிடம் சொன்னாள்.  சுற்றிலும் எல்லாம் ஒளிர, இது மட்டும் ஏன் இருட்டாக நிற்கிறது, இதற்கு மட்டும் ஏன் லைட் இல்லை என்று அவள் செல்வராஜ் அண்ணனிடம்தான் கேட்டாள். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்து, அவள் உயரத்துக்கு வந்து பதில் சொன்னார். “அதுக்கு இன்னிக்கு லீவுங்க கண்ணு.”

மொத்தத்தில், ஆறு மாதம் கண்விழித்து ஒரு மியூசியம் முழுவதும் வெளிச்சம் போட்டுவிட்டு, நான் செய்ததிலேயே உருப்படியான வேலை எது என்று கேட்டால், முப்பத்திரண்டு குழந்தைகளை முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார வைத்ததுதான்.